ஏற்றத்துக்கு ஒரு பட்டன்

தங்கை பட்டனை அழுத்தினாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. கியரை இரண்டுக்கு இறக்கி, ஆக்சிலேட்டரில் தயங்காமல் காலை வைத்தாள். மூன்று பேரையும் அண்ணனின் பெட்டியையும் சுமந்துகொண்டு அந்தக் குடும்பக் கார் நூலகத்து மேட்டில் விறுவிறுவென்று ஏறியது.

பின் சீட்டிலிருந்த அண்ணன் முன்னால் தலையை நீட்டினார். கார் கம்பெனியில் என்ஜின் வடிவமைப்பதுதான் அவர் வேலை. மேடு முடிகிறவரை அவர் கண் அந்தப் பச்சை விளக்கை விட்டு அசையவில்லை.

"போன தடவை வந்தப்ப இதே மேட்டுல என்னை இறங்கித் தள்ளச் சொன்னியே!"

"அது பழைய கதை அண்ணா. இப்பல்லாம் மேடு வந்தா பட்டன்" என்று தங்கை பெருமையாகச் சிரித்தாள்.

"அப்ப மைலேஜ் அடி வாங்கியிருக்குமே, மாப்ள?"

முன் சீட்டில் சாய்ந்திருந்த மாப்பிள்ளை இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் நிமிர்ந்தார். "நல்லாக் கேட்டீங்க மச்சான்! லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்த வண்டி, இப்ப பதினாறு கொடுக்குது. சமதரையில பட்டனை ஆஃப் பண்ணிடுவோம்ல!"

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கம்பெனியில் மூன்று வருடமாக இதே தலைவலிதான். இழுவையைக் கூட்டினால் மைலேஜ் படுத்தது. மைலேஜைக் கூட்டினால் வண்டி மேட்டில் படுத்தது. திங்கட்கிழமை மீட்டிங்கில் அவர் ஒரு வழி சொல்லியாக வேண்டும்; சொல்லாவிட்டால் அவருடைய புதிய காரை மூட்டை கட்டிவிடுவார்கள். இன்று சனிக்கிழமை. அவர் பெட்டியில் இருந்ததெல்லாம் நாலு சட்டையும் தலைவலி மாத்திரையும்தான்.

"யாரு மாட்டினது இதை?"

"நம்ம தெருமுனை மெக்கானிக்தான். அரை மணி நேர வேலை" என்றாள் தங்கை. "வண்டியை வித்துடலாம், ஒரு விலை சொல்லுங்கன்னுதான் போனோம். இவரு மைலேஜ் இல்லன்னாரு, நான் இழுவை இல்லன்னேன். அங்கேயே சண்டை. மெக்கானிக் என்ன பண்ணாரு தெரியுமா? எங்களை ஆளுக்கு ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லிட்டு, பின்னாடி கம்முனு உக்காந்து வந்தாரு. அப்புறம்தான் பட்டனை மாட்டினாரு."

"சும்மா மாட்டிடல. கண்டிஷன் போட்டாரு" என்று மாப்பிள்ளை குறுக்கே புகுந்தார். "ஆஃப்ல இருந்தா வண்டியைப் பாய விடக்கூடாது. தூரத்துல சிவப்பு சிக்னல் தெரிஞ்சதுமே காலை எடுத்துடணும். திடீர் திடீர்னு பிரேக் அடிச்சா பட்டன் வீணாப் போயிடுமாம்."

"முன்னாடி இவரு சிக்னலுக்கு சிக்னல் ரேஸ் விடுவாரு. என்னை மட்டும் மேல் கியர்லயே போ, மேல் கியர்லயே போன்னு மேட்டுல கூட நச்சரிப்பாரு. இப்ப வாயே திறக்கறதில்ல. பட்டன் போயிடுமேன்னு பயம்!"

அண்ணன் இதையெல்லாம் எங்கே கேட்டார்? அவர் ஏற்கெனவே செல்போனை எடுத்துத் தன் மேலதிகாரியை அழைத்துவிட்டிருந்தார்.

"சார், வழி கிடைச்சிடுச்சு! ஒரே ஒரு பட்டன் சார். இழுவையும் இருக்கு, மைலேஜும் இருக்கு. நானே கண்ணால பார்த்தேன். ஆமா சார், திங்கட்கிழமை கையோட கொண்டு வரேன். நீங்க எல்லாரையும் கூப்பிட்டுடுங்க!"

"அண்ணா, வீட்டுக்குப் போய் முகம் கழுவிட்டு..."

"முகம் எங்கேயும் ஓடிடாது. வண்டியை மெக்கானிக்கிட்ட விடு."

பட்டறையில் ஒரு வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் அந்தக் கால்களுக்கு வணக்கம் சொன்னார். கிரீஸ் அப்பிய முகத்தோடு மெக்கானிக் மெல்ல வெளியே வந்தார்.

"அண்ணே, நான் கார் கம்பெனி என்ஜினீயர். எங்க ஆபீஸ்ல இருபது பேர் மூணு வருஷமா மண்டையை உடைச்சுக்கறோம். நீங்க அரை மணி நேரத்துல முடிச்சிட்டீங்க!"

மெக்கானிக் கையைத் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்து, முகத்தை இன்னும் கறுப்பாக்கிக்கொண்டார். "அட, அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல சார். விடுங்க."

"அடக்கமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். எங்க கம்பெனியில உங்க பேரைப் பெருசாப் போடச் சொல்றேன். திங்கட்கிழமை நீங்களும் என்கூட வாங்க."

"ஐயோ, நான் எதுக்கு சார்?"

"சரி, விஷயத்தையாவது சொல்லுங்க. என் வேலையே இதுலதான் தொங்குது. மேலதிகாரிகிட்ட வேற சொல்லித் தொலைச்சிட்டேன்." அண்ணன் சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்து, பேனாவின் மூடியையும் கழற்றிவிட்டார். "அந்தப் பட்டனோட ஒயர் எங்க போகுது? பெட்ரோல் பம்புக்கா? என்ஜின் கம்ப்யூட்டருக்கா?"

மெக்கானிக் வாசலை எட்டிப் பார்த்தார். வெளியே காருக்குப் பக்கத்தில் கணவனும் மனைவியும் வீடுவரை யார் ஓட்டுவது என்று சாவிக்காகச் சிரித்துச் சிரித்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். போன மாதம் இதே இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றவர்கள்.

அவர் பட்டறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு அண்ணனின் காதருகே குனிந்தார்.

"மெல்லப் பேசுங்க சார். அந்த ஒயர் பச்சை பல்புக்கு மட்டும்தான் போகுது."