கடைசிக் குழி

அந்த கோல்ஃப் மைதானத்தை முதன்முதலில் வடிவமைத்தவர் தன் கொள்ளுத்தாத்தாதான் என்று கிளப்பை நம்பவைப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இன்று அவர் படத்தோடு பெயர்ப்பலகை ஏறிவிட்டது. அவர் வரைந்தபடியே, தூர்ந்துபோன குழிகளையும் திறந்தாயிற்று.

“அக்கா, கடைசிக் குழியும் வெட்டியாச்சு,” என்றார் புல்வெட்டுகிறவர்.

“அது போன வாரமே முடிஞ்சுதே?”

“இது இன்னொண்ணு. பலகையில இருக்காரே, அதே ஜாடையில ஒரு பெரியவர் காலையில கூடவே நின்னு வெட்டவெச்சார். உங்க சொந்தம்னார். பந்து விழுற குழிக்கு இவ்வளவு நீளமான்னு கேட்டேன், சிரிக்கவே இல்ல.”

போய்ப் பார்த்தாள். ஓரத்துப் புல்லைப் பிசிறில்லாமல் சீவி, தலைமாட்டில் கொடியும் நட்டிருந்தது.

“வேற என்ன கேட்டார்?”

“உங்க உயரத்தை. என் தோள் வரைக்கும்னு சொன்னேன். சரிதானேக்கா?”