வயிற்றுவலிக்காரி

"ரெண்டு நாளா வயிறு வலிக்குது கண்ணு, உயிர் போகுது!"

கட்டிலில் சுருண்டு கிடந்த அந்த அம்மாவைப் பார்த்ததும் மாணவிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

நர்சிங் கல்லூரியின் செய்முறைத் தேர்வுக்கு நோயாளியாக நடிக்க வருடா வருடம் வருகிறவர் அவர். பல்வலி முதல் பக்கவாதம் வரை அவர் படாத பாடில்லை. "படுக்கிறது நோயாளியா, ஆளென்னவோ கல்லுக்குண்டு" என்பார்கள் மாணவிகள்.

ஆனால் இவளுக்கு அது சிரிக்கிற நேரமில்லை. போன தடவை இதே தேர்வில் கோட்டை விட்டவள். இன்றும் தவறினால் தோழிகள் எல்லாரும் அடுத்த வருடத்துக்குப் போய்விடுவார்கள், இவள் மட்டும் இங்கேயே நிற்க வேண்டும்.

"நோயாளி சொல்றதுல கடைசியில ஏதாவது குண்டு வெச்சிருப்பாங்கடி, உஷாரா இரு" என்று சீனியர் அக்கா வேறு சொல்லி அனுப்பியிருந்தாள்.

அறையின் கோடியில் ஆசிரியை பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

மாணவி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "எந்த இடத்துலம்மா வலிக்குது? சாப்பிட்டா கூடுதா, குறையுதா?"

அந்த அம்மா பிசகாமல் பதில் சொன்னார். காலையிலிருந்து எத்தனை பேரிடம் ஒப்பித்தாரோ, குரல் கம்மிக் கிடந்தது.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"

பாடத்தில் இருக்கிற கேள்விதான். பி.பி. பட்டையைச் சுற்றிக்கொண்டே எல்லாரும் கேட்டுவிட்டுப் போகிற கேள்வி. இவள் பட்டையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள்.

அந்த அம்மா ஆசிரியையை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மார்ல ஒரு கட்டி இருக்கு கண்ணு. வீட்ல யாருக்கும் தெரியாது."

'வந்துடுச்சு குண்டு!' என்று நினைத்துக்கொண்டாள் மாணவி. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிச்சிருந்தா எப்பவோ வாயைத் திறந்திருப்பேனே."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"எங்க வீட்டுக்காரர் எனக்குத் தலைவலின்னாலே கை கால் உதறிப் போற மனுஷன். இதைக் கேட்டா இடிஞ்சு போயிடுவாரு. எனக்கும் பயம்தான். என்னத்தைச் சொல்லுவாங்களோன்னு..."

"பயந்து மூடி வெச்சா கரைஞ்சிடுமாம்மா? நிறைய கட்டி ஒண்ணுமில்லாததாவும் இருக்கும். பார்த்தாதானே தெரியும்? இன்னிக்கே போயிடலாம். வேணும்னா நானே கூட வரேன்."

"நிஜமா வருவியா?"

"வரேம்மா."

அந்த அம்மாவின் கண் நிறைந்து, காதோரம் வழிந்தது. மாணவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். 'நடிப்புன்னா இது நடிப்பு!' என்று மனசுக்குள் வியந்தாள். துடைக்கத் துடைக்க அந்தக் கண்ணீர் நிற்கவில்லை. தேர்வு நேரம் முடிந்து மணிதான் அடித்தது.

வெளியே வராந்தாவில் ஆசிரியை அவளை நிறுத்தினார்.

"பி.பி. பார்க்கலை. ஜுரம் பார்க்கலை. ஆரம்பத்துல நல்லாத்தானே பண்ணிக்கிட்டிருந்தே? அப்புறம் கையைப் பிடிச்சுக்கிட்டு அப்படி என்ன குசுகுசுப்பு?"

"அந்தக் கட்டியைப் பத்திதான் மேடம் பேசிக்கிட்டிருந்தேன். பாவம், அவ்வளவு பயந்தாங்க. பாதியில விட்டுட்டு பி.பி. பார்க்க மனசு வரலை."

மதிப்பெண் போடப்போன பேனா அப்படியே நின்றது.

"கட்டியா? அவங்களுக்கு நாங்க வயித்துவலி மட்டும்தானேம்மா சொல்லிக் குடுத்தோம்!"