நாலு விரல் உயரம்

"தப்பா எடுத்துக்கக் கூடாது மேடம். இது நாங்க எல்லாரும் சேர்ந்து வாங்கினது."

துணை மேலாளர் ஓர் அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, அது வெடித்துவிடுமோ என்பதுபோல் ஓரடி தள்ளி நின்றார்.

மேலாளர் திறந்து பார்த்தாள். கறுப்புத் தோலில் ஒரு ஜோடி ஹீல்ஸ். குதிகால் மட்டும் நாலு விரல் உயரம். அவளுடைய அளவுதான்.

"எனக்கு இன்னிக்குப் பிறந்தநாள் இல்லியே?"

"இல்ல மேடம். மதியம் இயக்குநர் வர்றாரு. அவர் முன்னால நீங்க..." அவர் பார்வை மேசைக்குக் கீழே போனது. "இதோட நின்னா நல்லா இருக்குமான்னு."

'இது' அவள் காலில் இருந்தது. தட்டையான துணி ஷூ. அடிப்பாகம் அட்டையின் கனம்கூட இருக்காது. சுருட்டினால் கைப்பைக்குள் அடங்கிவிடும். முன்பக்கம் மட்டும் விரல்கள் தாராளமாக விரிந்துகொள்ளும் அகலம்.

இரண்டு மாதங்களுக்கு முன் குதிகால் வலி தாங்காமல் மருத்துவரிடம் போயிருந்தாள். அந்த டாக்டரம்மா காலைப் பார்ப்பதற்கு முன், அவள் கையில் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்த கைபேசியைப் பார்த்தார். "ஹீல்ஸ்லேருந்து இறங்குங்க. அப்படியே இதையும் இறக்கி வைங்க" என்றார்.

இரண்டையும் இறக்கினாள். மெயில் செயலி இப்போது காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவைதான் வாய் திறக்கும். வேண்டாததை விரலால் ஒதுக்கிவிடுவாள். மற்றவற்றுக்குப் பதில் எழுதுவதில்லை. எழுந்து, அவரவர் மேசைக்கே நடந்துபோய்க் கேட்டுவிடுவாள். அதுவே நடைப்பயிற்சி ஆயிற்று. இரத்த அழுத்தம் இறங்கியது. தூக்கம் வந்தது.

"அப்புறம் மேடம், அந்த மெயிலும் பழையபடி உடனுக்குடனே போட்டீங்கன்னா ஒரு கெத்தா இருக்கும். இவ்வளவு பெரிய பதவியில இருந்துக்கிட்டு நீங்க ஏன் நடக்கணும்?"

"கால் இருக்கே."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"கால் என்னோடது சார். பெட்டியை எடுத்துட்டுப் போங்க."

அவர் எடுக்கவில்லை. "இருக்கட்டும், கொஞ்சம் யோசிங்க" என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு நழுவினார்.

அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் குட்டையானவர்களை முன்னால் நிறுத்தும் வரிசையில் எப்போதும் முதல் ஆள் அவள். இந்தக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்து, "பெரியவங்க யாரும் இல்லியாம்மா?" என்று கேட்டார். அன்று மாலையே முதல் ஹீல்ஸ் வாங்கினாள். ஏறியவள், இத்தனை வருஷம் இறங்கவே இல்லை.

இறங்கிய பிறகுதான் கவனிக்கிறாள். அவள் பக்கத்தில் போய் நின்றாலே ஊழியர்கள் திடுக்கிட்டு எழுந்துகொள்கிறார்கள். பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. முகங்கள் தொங்கிப்போகின்றன. அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருந்தது இந்தக் குட்டைப் பெண்ணைத்தானா என்கிற ஏமாற்றம். வேறென்ன இருக்க முடியும்?

கைபேசியில் கணவனைக் கூப்பிட்டாள்.

"எல்லாரும் சேர்ந்து எனக்கு ஹீல்ஸ் வாங்கிக் குடுத்திருக்காங்க."

"நான் சொன்னப்ப கேட்டியா? நீ போட்டுக்கிட்டுத் திரியறது ஷூவே இல்ல, சாக்ஸோட அண்ணன். இன்னிக்கு ஒரு நாள் போட்டுக்கயேன். உன்ன மண்டல மேலாளராப் போடலாமா வேண்டாமான்னு பாக்கத்தானே அந்த மனுஷன் வர்றாரு?"

"பாக்கத்தான் வர்றாரு. அளக்க வரல."

வைத்துவிட்டாள். ஆனாலும் கை பெட்டிக்குள் போனது. ஒற்றைக் காலில் மாட்டி எழுந்து நின்றாள். பழைய வலி அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டது.

கழற்றினாள். மதிப்பு கிடைத்தால் இந்த உயரத்தில் கிடைக்கட்டும். பதவியும் அப்படித்தான். இல்லாவிட்டால் போகட்டும். பெட்டியை இடுக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள். எல்லார் முன்னாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சாப்பாட்டு அறையின் கதவு பாதி திறந்திருந்தது. துணை மேலாளர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். எதிரே, தலையைக் குனிந்து சாப்பிட்டபடி, இழப்பீட்டுப் பிரிவுப் பெண்.

"போட்டுக்கிட்டாங்களா சார்?"

"எங்க? கால் என்னோடதுங்கறாங்க."

"இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருக்கலாம்ல? முன்னெல்லாம் மாடிப்படியில டக் டக்னு கேக்கும்போதே போன உள்ள வெச்சு, ஃபைல விரிச்சு, மூஞ்சிய மாத்திக்குவோம். இப்ப திரும்பினா பக்கத்துல நிக்கறாங்க. உசுரே போகுது."

"மெயில்ல கேட்டா, பாத்துக்கிட்டிருக்கோம்னு ஒரு வரி தட்டிவிட்டா வாரம் ஓடிடும். நேர்ல வந்து நின்னா எதத் தட்டறது? இந்தக் கிளையில பெண்டிங்கே இல்லாமப் போச்சு. அது எப்படின்னு தெரிஞ்சுக்கத்தான் இயக்குநரே வர்றாரு." அவர் பெருமூச்சு விட்டார். "அந்த ஹீல்ஸ் இருந்தவரைக்கும் இந்தம்மாவுக்கு யாரு பயந்தா, சொல்லு?"

அவருடைய டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி மெல்ல வந்து உட்கார்ந்தது.

"நிறுத்தாதீங்க சார், பேசுங்க" என்றாள் மேலாளர். "சத்தம் கேக்கலல்ல? நான் இன்னும் வரல."