ஷெரினின் கட்டைவிரல்

"ஏட்டி, காசோட அருமை தெரியுமா உனக்கு?" என்று சௌந்தரபாண்டியன் மகள் ஷெரினிடம் போட்ட சத்தத்தில், எதிர்வீட்டில் டிவியையே அமர்த்திவிட்டார்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றி ராஜபாளையத்துக்கே இலவசமாக வகுப்பெடுக்கிறவர் ஆயிற்றே!

ஷெரினின் டியூஷனுக்காக அம்மா ஞானபாக்கியம் சேர்த்த பணம் முழுவதும் போனிலிருந்து ஏதோ கேமுக்குப் போயிருந்தது. மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுப் போட்டு ஞானபாக்கியத்தின் விரல் ரேகை தேய்ந்துபோனதால், பணம் அனுப்ப மகளின் கட்டைவிரலைத்தான் பதிந்து வைத்திருந்தாள்.

"நான் அனுப்பலைம்மா!"

"உன் விரல வைக்காம பூதமா அனுப்புச்சு? இனிமே உனக்கு டியூஷன் கிடையாது!" என்றார் சௌந்தரபாண்டியன்.

ஞானபாக்கியம் போனைப் பார்த்தாள். பணம் போனது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அந்த நேரத்தில் ஷெரின் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாளே!

சம்பளம் வந்ததும் கொஞ்சம் பணத்தைக் கணக்கில் போட்டுவைத்தாள். அடுத்த ஞாயிறு சர்ச்சுக்குப் போய்வந்து, தூங்கும் மகளின் பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாள்.

செத்த நேரத்தில் பூனை நடையாக யாரோ வந்து, ஷெரினின் கட்டைவிரலைப் பூப்போலத் தூக்கிப் போனில் அழுத்துவது தெரிந்தது.

ஞானபாக்கியம் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"ஸ்ஸ்... பிள்ளை முழிச்சிருவா, ஞானம்," என்றார் சௌந்தரபாண்டியன். "இன்னும் ஒரே ஒரு லெவல்தான்!"