பதினைந்துக்கு ஒரு நாள் முன்

டாக்டரம்மா வருவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட வேண்டும்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்தாள். இடுப்பில் உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இன்று பதினான்காவது நாள்.

எலும்பு முறியவில்லை. ஆனாலும் பதினைந்து நாள் எழுந்திருக்க முடியாமல் வலித்தால் அது கொடுங்காயமாம். நேற்று ஏட்டு வந்து விளக்கிவிட்டுப் போனார். அதற்குள் எழுந்துவிட்டால் சாதாரணக் காயம், அபராதத்தோடு முடிந்துவிடும். நாளையும் இப்படியே கிடந்தால் தங்கச்சி ஜெபக்கனிக்கு ஏழு வருஷம்வரை ஜெயில். சத்துணவுக்கூட வேலையும் போகும்.

சண்டை ஃபேனுக்காக. தங்கச்சிக்குப் புழுங்கும், அவளுக்குக் குளிரும். இருபது வருஷமாக வீட்டில் இரண்டே பேர், இதே சண்டை.

அன்றைக்கு மட்டும் ஜெபக்கனி பிடித்துத் தள்ளிவிட்டாள்.

அலறியடித்து ஆட்டோவில் தூக்கி வந்தவளும் அவள்தான்.

எப்படி அடிபட்டது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பாழாய்ப்போன ஆத்திரம். பக்கத்தில் நின்றவளைக் கை காட்டினாள்.

அத்தோடு போலீஸ் கேஸ் ஆகிவிட்டது.

ஜாமீன் கொடுத்த கோர்ட்டு, அக்கா இருக்கும் பக்கமே போகக் கூடாது, தென்காசியில் தங்கித் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

இந்தப் பதினான்கு நாளில் ஏட்டைத் தவிர ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் கொடுத்த கஞ்சியைக் குடித்தாள். வெட்கமாக இருந்தது.

சண்டை போடக்கூட ஆளில்லை.

டாக்டரம்மா வந்து நடக்கச் சொன்னார். ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். வலி நேற்றே விட்டுவிட்டது என்றாள். சிரிக்கவும் செய்தாள்.

சாதாரணக் காயம் என்று எழுதினார்.

கூட்டிக்கொண்டு போக யார் வருவார்கள் என்று நர்ஸ் கேட்டாள்.

அவள் திருப்பிக் கேட்டாள்:

"அவதான என்னப் பாக்க வரக் கூடாது? நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட வருவா. நான் தென்காசிக்குப் போயி ஸ்டேஷன் வாசல்ல நின்னா தப்பாம்மா?"

நர்ஸ் யாரிடமாவது கேட்டு வருவதாகச் சொல்லிப் போனாள்.

திரும்பி வந்தபோது கட்டிலில் ஆள் இல்லை.

அந்த அம்மா மாடிப்படியில் இருந்தாள். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒவ்வொரு படிக்கும் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் கூப்பிடவில்லை.