ஓட்டுக்குள் ஒரு வரிசை

வாழைத் தோட்டத்து மண்ணுக்குள் ஒரு பூஞ்சை வித்து எட்டு வருஷமாக அசையாமல் கிடந்தது. அது செத்துப்போய்விட்டது என்றே பக்கத்தில் குடியிருந்த மண்புழு நினைத்திருந்தது.

ஒரு நாள் இளம் வாழைவேர் ஒன்று அந்தப் பக்கமாக வளர்ந்து வந்தது. வேரில் கசிந்த இனிப்பு நீரில் ஒரு துளி வித்தின் ஓட்டைத் தொட்டது. உடனே வித்து விழித்துக்கொண்டு, மெல்லிய இழை ஒன்றை நீட்டி, நேராக வேரை நோக்கிப் போனது.

மண்புழு மலைத்துப்போனது. "உனக்கு மூக்கும் இல்லை, நாக்கும் இல்லை. வழி எப்படித் தெரிந்தது?"

"எனக்கு ஒன்றும் தெரியாது," என்றது வித்து. "என் ஓட்டுக்கு அடியில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். முதல் ஆள்மேல் துளி பட்டால் அவன் அடுத்தவனைத் தட்டுவான். அவன் அதற்கடுத்தவனைத் தட்டுவான். கடைசி ஆள் தட்டியதும் நான் கிளம்பிவிடுவேன்."

"எட்டு வருஷமாக ஒருவன்கூட இடத்தைவிட்டு நகரவில்லையா?" என்றது மண்புழு. பிறகு மெதுவாகக் கேட்டது. "எதற்காகத் தட்டுகிறோம் என்று யாரும் கேட்டதில்லையா?"

"கேட்டால் வரிசை நின்றுவிடுமே," என்று சொல்லிக்கொண்டே வித்து வேருக்குள் நுழைந்தது.

சில வாரங்களில் பூஞ்சை உள்ளே பரவி, அந்த வாழையின் அடி இலை மஞ்சளானது. தோட்டத்துக்காரர் மாசிலாமணி அதைப் பார்த்தார். "தண்ணி பத்தலை," என்றபடி மடையைத் திறந்துவிட்டார். வேரடியில் புதிதாகப் பிறந்திருந்த வித்துகளை அள்ளிக்கொண்டு தண்ணீர் அடுத்த வாழைக்கு ஓடியது.

அன்று வித்தைப் பார்த்த அதே மலைப்போடு மண்புழு, வரிசையின் அடுத்த ஆளைப் பார்ப்பதுபோல், அவரை அண்ணாந்து பார்த்தது.