பாதயாத்திரைக்கு அனுமதி

கிட்ட வந்து இருங்கள் பிள்ளைகளே, சிரிப்பான கதை ஒன்று சொல்கிறேன்.

செல்வச் சந்நிதிக் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு மறுநாள் பாதயாத்திரை. கேதீஸ்வரி தன் நாய் வீமனுக்கு பிஸ்கற், தண்ணீர்க் கோப்பை, பாதத்தில் பூச வேப்பெண்ணெய் எல்லாம் பையில் கட்டிக்கொண்டு, அவனோடு யாத்திரைத் தலைவர் நடராசாவிடம் போனாள். நாயைக் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

"அண்ணை, நாங்கள் ரெண்டு பேரும் வாறம். உவன் ஒருத்தரையும் கடிக்கமாட்டான். உவன்ரை சாப்பாடும் நானே தோளிலை காவுறன்."

நடராசா வீமனின் தலையைத் தடவினார்.

"உவனைப் பற்றி எனக்கென்ன கவலை, தங்கச்சி? போன வருசம் கதிர்காமம் வரைக்கும் எங்களோடை நடந்தவன். பாதி வழிகூட வராமல் ஆனையிறவிலை பஸ் ஏறி வீட்டை போனது நீரெல்லோ!"

"இந்த முறை ஏறமாட்டன், அண்ணை."

"அதை உவனிட்டைச் சொல்லும். உவன் ஓமெண்டால் வாரும்."

வீமன் வாலை ஆட்டினான்.

உங்கள் வீட்டாருக்கும் நடக்கிற காலும் கூட வருகிற துணையும் ஒருநாளும் குறையாதிருக்கட்டும்.